தாரிப்: சொல்லும் பொருளும் சுமையும்

உயர்தர வகுப்பில் வர்த்தகம் படிக்கும் மாணவன் ஒருவன் தமிழ்ப் பாடவேளை முடிந்து நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டான்: "சேர், கரண்ட் பில்லில தாரிப் எண்டு போட்டிருக்கு. நியூஸில அமெரிக்கா நம்மட நாட்டுக்குத் தாரிப் போட்டிருக்கு எண்டு சொல்றாங்க. ரெண்டும் ஒண்டா?"

"இதப் போய் பொருளியல் சேரிட்டக் கேளு" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் ஒரு சொல் எப்படி இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்கிறது என்பது தமிழாசிரியனுக்கும் உரிய கேள்விதான். அன்று ஐந்து நிமிடத்தில் ஏதோ சொல்லி அனுப்பினேன். சொன்னது போதாது என்று எனக்கே பட்டது. பிறகு தேடிப் படித்ததையும், கடைத்தெருவில் கேட்டறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம்மவர்களில் பெரும்பாலானோர் வியாபாரிகள், இல்லாவிட்டால் வியாபாரிகளிடம் வாங்குகிறவர்கள். இந்தச் சொல் நம் எல்லாருடைய சட்டைப்பையிலும் கை வைக்கிறது.

சொல் வந்த வழி

தாரிப் என்பதை ஆங்கிலச் சொல் என்றே நாம் நினைத்திருக்கிறோம். அதன் வேர் அறபு. ஐன், றா, பா என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து வருவது அது. அதே வேரிலிருந்துதான் மஃரூப், மஃரிபத், அறபா ஆகிய சொற்களும் பிறந்தன. அறிதல் என்பதே அவற்றின் அடிப்படைப் பொருள். மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்குத் 'தஃரீப்' என்ற சொல் நன்றாகத் தெரியும். ஒரு விடயத்துக்கு வரைவிலக்கணம் கூறி அதை அறியச் செய்வது தஃரீப். 'தஃரீபா' என்றால் அறிவித்தல், அறிவிப்பு. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் அறபு, துருக்கிய, இத்தாலிய வணிகர்கள் கூடிக் கலந்து வியாபாரம் செய்த காலத்தில், இன்ன சரக்குக்கு இன்ன தொகை என்று எழுதி அறிவித்த பட்டியலுக்கு அது பெயரானது. இத்தாலியில் தாரிஃபா, பிரான்சில் தாரிஃப் என்று மாறி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இன்றும் அறபு நாடுகளில் சுங்கவரிப் பட்டியலைத் 'தஃரீபா ஜும்ருகிய்யா' என்றே எழுதுகிறார்கள்.

இதுபற்றி வேறொரு கதையும் உலவுகிறது. ஸ்பெயினின் தென்முனையில் தரீபா என்று ஓர் ஊர் உண்டு. தாரிக் பின் ஸியாத் 711இல் கரையிறங்குவதற்கு முந்திய ஆண்டில் அங்கு வந்திறங்கிய தரீப் பின் மாலிக்கின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அந்தத் துறையில் கப்பல்களிடம் வரி வாங்கியதால்தான் தாரிப் என்ற சொல் பிறந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும் கதை, ஆனால் மொழியியலார் அதை ஏற்பதில்லை. அந்த ஊர்ப் பெயரின் வேர் தா, றா, பா. அதில் ஐன் என்ற எழுத்தே கிடையாது. மேடைகளில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

சுங்க இலாகாவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான துவான், ஸ்பானியச் சொல்லான அதுவானா ஆகியவையும் நமக்குப் பழக்கமான 'திவான்' என்ற சொல்லிலிருந்து போனவையே. கடல் வணிகத்தில் முஸ்லிம்கள் நின்ற இடம் எதுவென்பதை இந்தச் சொற்களே சொல்லிவிடுகின்றன.

தமிழிலும் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. திருக்குறளில் 'உல்கு' என்ற சொல் அரசனுக்குரிய சுங்கப் பொருளைக் குறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்திச் சுங்கம் கொண்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பட்டமே உண்டு. வரியை நீக்கியதற்காக ஓர் அரசனை மக்கள் நினைவு வைத்திருந்தார்கள் என்றால், வரி அவர்களை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும் என்று யோசிக்கலாம். இலங்கையில் நாம் வழங்குவது 'தீர்வை'. விமான நிலையத்தில் 'தீர்வையற்ற கடை' என்று எழுதியிருப்பதை வெளிநாடு போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசி வணிகர்கள் பற்றிய கட்டளை அது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. இது இறக்குமதித் தீர்வை அல்ல, கப்பல் உடைந்தால் மட்டும் அரசு கொள்ளும் பங்கு. ஆனாலும் அறபு வணிகர் சொன்ன தஃரீபாவின் இலட்சணம் இதில் முழுமையாக இருக்கிறது. அரசு எவ்வளவு எடுக்கும், வணிகனுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது முன்கூட்டியே, எல்லாரும் வாசிக்கக் கல்லில் வெட்டி வைக்கப்பட்டது.

இப்போது மாணவனின் கேள்விக்கு வரலாம். மின்சாரப் பில்லில் இருக்கும் தாரிப்பும் சுங்கத்தில் இருக்கும் தாரிப்பும் அடிப்படையில் ஒன்றே. இரண்டும் முன்கூட்டி நிர்ணயித்து அறிவிக்கப்பட்ட பட்டியல்கள். ஒன்று சேவைக்கு நாம் கொடுக்க வேண்டிய விலையின் பட்டியல். மற்றது நாட்டுக்குள் வரும் பொருளுக்கு அரசு வாங்கும் வரியின் பட்டியல். காலப்போக்கில் பட்டியலின் பெயர் அந்த வரிக்கே பெயராகிவிட்டது.

சுங்கத்தில் நடப்பது என்ன?

ஒரு கொள்கலன் கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலில் ஓர் இலக்கத்தால் சொல்ல வேண்டும். உலக சுங்க அமைப்பு வகுத்த ஒத்திசைவாக்கப்பட்ட முறைமை 1988 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது, அதன்பின் நாட்டுக்கு நாடு வேறுபடும். அரிசி 1006 என்ற தலைப்பில் வரும். பேரீத்தம்பழம் 0804.10. ஒரு பொருள் எந்த இலக்கத்துக்குள் விழுகிறது என்பதை வைத்தே வரி தீர்மானிக்கப்படுவதால், சுங்கத்தில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இந்த இலக்கத்தைப் பற்றியதுதான்.

அடுத்தது பெறுமதி. பொருளின் விலை, காப்புறுதி, கப்பற்கூலி மூன்றும் சேர்ந்த தொகையின்மேல்தான் இலங்கையில் தீர்வை கணிக்கப்படும். கப்பற்கூலி ஏறினால் வீதம் மாறாமலே தீர்வைத் தொகை ஏறும். டொலர் ஏறினாலும் அப்படித்தான். 2022இல் ரூபா விழுந்தபோது சாமான் விலை ஏறியதோடு அதன்மேலான வரித்தொகையும் கூடவே ஏறியது.

தீர்வையைக் கணிக்கும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. பெறுமதியில் இத்தனை வீதம் என்பது ஒன்று. கிலோவுக்கு இத்தனை ரூபா என்பது மற்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேரீத்தம்பழத்தை வைத்தே விளக்கலாம்.

2023 மார்ச்சில், நோன்பு காலத்தில், இறக்குமதிப் பேரீத்தம்பழத்துக்கு இருந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோவுக்கு 200 ரூபாவிலிருந்து 1 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. அந்த 200 ரூபா எல்லாப் பழத்துக்கும் ஒரே மாதிரி. உதாரணத்துக்கு, துறைமுகத்தில் கிலோ 400 ரூபா பெறுமதியான சாதாரணப் பழத்தை எடுங்கள். 200 ரூபா அறவீடு என்றால் அது 50 வீதம். கிலோ 4,000 ரூபா பெறுமதியான அஜ்வாவுக்கு அதே 200 ரூபா வெறும் 5 வீதம். ஏழை நோன்பு திறக்கும் பழத்தில் பாதி வரி, வசதியானவர் வாங்கும் பழத்தில் இருபதில் ஒரு பங்கு. யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. கிலோக் கணக்கில் வரி போட்டால் கணக்கு இப்படித்தான் விழும். இந்த முறையிலும் ஒரு வசதி உண்டு: விலையைக் குறைத்துக் காட்டி ஏமாற்ற முடியாது. தராசு பொய் சொல்லாது. வீதக் கணக்கில் போலி விலைச்சிட்டை கொடுத்து வரி தப்பலாம். எந்த முறையை எடுத்தாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும்.

இன்னொரு விடயம், வரியின்மேல் வரி. ஒரு பொருள் துறைமுகத்தில் 1,000 ரூபா, தீர்வை 20 வீதம் என்று வைப்போம். விளங்குவதற்காக மற்ற அறவீடுகளை விட்டுவிடுவோம். தீர்வை 200 ரூபா. இப்போது 1,200. பெறுமதி சேர் வரி, அதாவது வற், 18 வீதம். அது 1,000 ரூபாவின்மேல் அல்ல, 1,200 ரூபாவின்மேல். 216 ரூபா. மொத்தம் 1,416. வியாபாரி தன் செலவுக்கும் இலாபத்துக்கும் 20 வீதம் வைத்தால் கடை விலை ஏறத்தாழ 1,699 ரூபா. தீர்வையே இல்லாவிட்டால் இதே கணக்கில் 1,416 ரூபாவுக்கு விற்றிருக்கலாம். அரசு வாங்கிய தீர்வை 200. வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுத்தது 283. இடையில் உள்ள 83 ரூபா யாருடைய களவும் இல்லை, சதவீதத்தின்மேல் சதவீதம் ஏறியதால் வந்தது.

நம் நாட்டில் சுங்கத் தீர்வையோடு செஸ் வரி, துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி என்று பலவும் அடுக்கடுக்காக இருக்கும். தீர்வை என்ற பெயர் இல்லாவிட்டாலும் அவை செய்வது தீர்வையின் வேலையே. விசேட வியாபாரப் பண்ட அறவீடு மட்டும் வேறு மாதிரி. 2007இன் 48ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த அது, குறிப்பிட்ட அத்தியாவசியப் பண்டங்களுக்கு மற்ற வரிகளுக்குப் பதிலாக ஒரே தொகையாக அறவிடப்படுவது.

எதற்காக இந்தத் தீர்வை?

முதற்காரணம் வருமானம். வீடு வீடாகப் போய் வருமான வரி வாங்குவதைவிட, துறைமுக வாசலில் நின்று வாங்குவது எந்த அரசுக்கும் இலேசு. 1869இன் சுங்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் சுங்கத்தின் அடித்தளமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது பாதுகாப்பு. வெலிமடையில் உருளைக்கிழங்கும் தம்புள்ளையில் பெரிய வெங்காயமும் அறுவடையாகும் காலத்தில் இறக்குமதி மீதான அறவீட்டைக் கூட்டுவதும், அறுவடை முடிந்ததும் குறைப்பதும் நமக்குப் பழக்கமானவை. 2024 டிசம்பரில் அரிசி இறக்குமதிக்கு இடம் கொடுத்தபோது கிலோவுக்கு 65 ரூபா அறவீடு இருந்தது. விவசாயிக்கும் சோறு தின்கிறவனுக்கும் நடுவில் அரசு கோடு போட்ட இடம் அது. அந்தக் கோட்டை எங்கே போட்டாலும் ஒரு பக்கத்தார் முறைப்படுவார்கள்.

மருதமுனைத் தறிகளின் கதை இதை இன்னும் நன்றாக விளக்கும். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டுப் புடைவை மலிவாகக் குவிந்தது. கைத்தறியை நம்பியிருந்த ஊர்களில் பல தறிகள் நின்றன. "இறக்குமதிச் சாரனுக்கு வரியப் போட்டா நம்மட தறி தப்பும்தானே?" என்று கேட்கலாம். பாதி சரி. நெசவாளிக்கு நூலும் சாயமும் வேண்டும், அவையும் கப்பலில்தான் வருகின்றன.

ஓர் உதாரணக் கணக்கு. வெளிநாட்டுச் சாரன் 1,000 ரூபா. அதே சாரனை இங்கே நெய்ய 600 ரூபா நூல் வேண்டும். அப்படியானால் நெசவாளியின் உழைப்புக்கு 400 ரூபா மிஞ்சும். சாரனுக்கு 20 வீதத் தீர்வை போட்டு, நூலுக்கு ஒன்றும் போடாவிட்டால் சாரனை 1,200க்கு விற்கலாம். நூல் போக 600 ரூபா கைக்கு வரும். உழைப்புக்குக் கிடைத்த பாதுகாப்பு 20 வீதமல்ல, 50 வீதம். அதே நேரத்தில் நூலுக்கு 30 வீதத் தீர்வை போட்டால் நூல் 780 ரூபா. கையில் 420. பாதுகாப்பு வெறும் 5 வீதம். நூலுக்கு 40 வீதம் போட்டால் நூல் 840. கையில் 360. தீர்வையே இல்லாத காலத்தைவிட 40 ரூபா குறைவு! பத்திரிகையில் 'உள்நாட்டுக் கைத்தொழிலைப் பாதுகாக்கச் சாரனுக்கு 20 வீதத் தீர்வை' என்றுதான் வரும். நூலின் இலக்கத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் மகிழக்கூடாது.

மூன்றாவது பேரம். நீ என் சரக்குக்கு வரி போட்டால் நானும் உன் சரக்குக்குப் போடுவேன் என்பது. 1930இல் அமெரிக்கா தீர்வைகளைக் கடுமையாக உயர்த்தியபோது மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தின. உலக வர்த்தகம் சுருங்கியது. அந்தப் பாடத்தின்மேல்தான் 1947இல் காட் உடன்படிக்கை எழுந்தது. 1948இல் இலங்கையும் அதில் சேர்ந்தது. 1995 முதல் உலக வர்த்தக அமைப்பு அந்தப் பணியைத் தொடர்கிறது.

அமெரிக்காவின் 44 வீதம்

2025 ஏப்ரல் 2ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் பட்டியல் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். இலங்கைக்கு 44 வீதம். இலங்கை அமெரிக்கப் பொருட்களுக்கு 88 வீதம் அறவிடுவதாகவும், அதில் பாதியைத்தான் தாம் போடுவதாகவும் அதில் இருந்தது. ஆனால் அந்த 88 எந்தச் சுங்கப் பட்டியலிலிருந்தும் எடுத்த எண் அல்ல. நாம் அமெரிக்காவுக்கு விற்பது அதிகம், அங்கிருந்து வாங்குவது மிகக் குறைவு. அந்த வித்தியாசத்தை நாம் விற்கும் தொகையால் வகுத்தால் 88 வீதம் வரும். வர்த்தக இடைவெளிக்குத் தீர்வை என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பிறகு ஜூலையில் 30 வீதம் என்று சொல்லி, ஓகஸ்டில் 20 வீதமாக நின்றது.

"அமெரிக்கா நமக்கு வரி போட்டா, நாம கட்டணுமா?" என்று பலர் கேட்டார்கள். கட்டுவது நாமல்ல. அங்குள்ள இறக்குமதியாளர் தன் நாட்டுச் சுங்கத்தில் கட்டுவார். ஆனால் கட்டியவரே அந்தச் சுமையைச் சுமப்பார் என்பதில்லை. அவர் ஒரு பகுதியைத் தன் வாடிக்கையாளர்மேல் ஏற்றுவார். இன்னொரு பகுதியை இங்குள்ள ஆடைத் தொழிற்சாலையிடம், "விலையக் குறை, இல்லாட்டி வேற நாட்டுக்குப் போறன்" என்று சொல்லி இறக்குவார். வேறு வழி இல்லாத பக்கம்தான் கூடுதலாகச் சுமக்கும். நம் ஆடை ஏற்றுமதிக்கு அமெரிக்காவே மிகப் பெரிய தனிச் சந்தை. தையல் இயந்திரத்தின் முன்னால் இருக்கும் பிள்ளைக்கு மேலதிக நேர வேலை இல்லாமல் போகும்போதுதான் அந்தத் தீர்வை இங்கே வந்து சேருகிறது. அவளுடைய சம்பளச் சிட்டையில் தாரிப் என்று ஒரு வரி இருக்காது.

இந்தப் பதிலுக்குப் பதில் முறை நமது வரலாற்றிலும் உண்டு. எதிரி நாட்டினர் முஸ்லிம் வணிகர்களிடம் பத்திலொன்று வாங்குகிறார்கள் என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) எழுதியபோது, அவர்கள் வாங்குவது போலவே நீங்களும் வாங்குங்கள் என்று கலீபா உமர் (ரழி) பதில் எழுதியதாக இமாம் அபூ யூஸுபின் கிதாபுல் கராஜ் கூறுகிறது. திம்மிகளிடம் 5 வீதம், முஸ்லிம்களிடம் 2.5 வீதம். ஆனால் உமர் (ரழி) அங்கே நின்றுவிடவில்லை. மதீனாவுக்கு நபத்தியர் கொண்டுவந்த கோதுமைக்கும் எண்ணெய்க்கும் பத்திலொன்றைப் பாதியாகக் குறைத்தார்கள். நகருக்கு அந்தச் சரக்கு கூடுதலாக வரவேண்டும் என்பதே நோக்கம் என்று இமாம் மாலிக்கின் முவத்தா காரணத்தையும் பதிவு செய்திருக்கிறது. பருப்பு வகைகளுக்குப் பத்திலொன்று அப்படியே இருந்தது. மக்களின் முக்கிய உணவு எது, எதற்கு வரி தாங்கும் என்று பொருளுக்குப் பொருள் பார்த்திருக்கிறார்கள்.

குறைத்த வரி எங்கே போனது?

வரியைக் குறைத்தால் விலை குறையும் என்பது புத்தகப் பாடம். 2020 ஒக்டோபரில் சீனிக்கான விசேட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. ரூபா அல்ல, சதம். கடையில் அந்த 50 ரூபா இறங்கவில்லை. அரசுக்கு ஏறத்தாழ 1,600 கோடி ரூபா வருமானம் போனது. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வரை விடயம் சென்றது. 2021 ஓகஸ்டில் சீனி கிலோ 200 ரூபாவைத் தாண்டியது. டொலர் தட்டுப்பாடும் உலக விலையும் அதற்குக் காரணமாக இருந்தன. ஆனாலும் வரிக்குறைப்பின் பயன் பாவனையாளருக்கு வரவில்லை என்பது வெளிச்சம். 2023 நவம்பரில் அறவீடு மீண்டும் 50 ரூபாவானது. அந்த ஏற்றம் மட்டும் தாமதமின்றிக் கடைக்கு வந்தது.

ஏன் இப்படி? வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியாரிடம் கேட்டேன். "நாலஞ்சு பேர்தான் கொண்டு வாறாங்க. வரி ஏறினா எல்லாரும் ஒரே நாள்ல ஏத்துவாங்க. இறங்கினா, பழைய ஸ்டொக் இருக்கு எண்டு சொல்லுவாங்க. நான் சில்லறைக்காரன், என்ன செய்ய?" என்றார். போட்டி இல்லாத சந்தையில் வரிக்குறைப்பு இறக்குமதியாளரின் பையில் தங்கிவிடும். இதைப் பொருளியல் நூல்கள் நீட்டி எழுதும். அவர் சொன்னதன் சாரமும் அதுவே.

1962இன் வருமானப் பாதுகாப்புச் சட்டம் தீர்வையை உடனடியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுக்கிறது. வர்த்தமானி வரும், 'நள்ளிரவு முதல்' என்று வானொலி சொல்லும். முன்கூட்டித் தெரிந்தால் பதுக்குவார்கள் என்பதற்காகத்தான் இந்த அவசரம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு சிலருக்கு மட்டும் முன்கூட்டித் தெரிந்துவிட்டால் இதைவிடப் பெரிய அநியாயமும் இல்லை.

மின்பட்டியலின் தாரிப்

இனி விலைப்பட்டியலாக வரும் தாரிப். மின்சாரத்துக்கு அதைத் தீர்மானிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் ஏறியது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, ஜூனில் 15 வீதம் ஏறியது.

வீட்டுப் பாவனைக்குப் படிமுறைக் கட்டணம். முதல் அலகுகள் மலிவு, ஏற ஏற விலை கூடும். இதில் பலரும் கவனிக்காத இடம் 60ஆவது அலகு. மாதம் 60 அலகுவரை பாவிப்பவருக்கு ஒரு பட்டியல். அதைத் தாண்டினால் வேறு பட்டியல். 61ஆவது அலகுக்கு மட்டும் கூடிய விலை என்று நினைக்க வேண்டாம். முதலாவது அலகிலிருந்தே விலை மாறிவிடும். மாதக் கடைசியில் ஒரு நாள் இஸ்திரிக்கைப் பெட்டியைக் கூட நேரம் போட்டால் போதும், பில் பாய்ந்துவிடும்.

குறைவாகப் பாவிப்பவர் ஏழை, கூடுதலாகப் பாவிப்பவர் வசதியானவர் என்ற எண்ணத்தில் வகுத்த பட்டியல் இது. பொதுவாக அது சரி. ஆனால் கிழக்கிலே நம் ஊர்களில் மகளுக்கு வீட்டைக் கொடுத்து, உம்மா வாப்பாவும் கலியாணம் முடிக்காத பிள்ளைகளும் அதே வளவில் இருப்பார்கள். இரண்டு மூன்று அடுப்பு, ஒரே மீற்றர். ஒவ்வொரு குடும்பமும் 50 அலகு பாவித்தாலும் மீற்றர் 150 என்று காட்டும். பட்டியலுக்கு அடுப்பு தெரியாது, மீற்றர்தான் தெரியும். தனி இணைப்பு எடுக்கும் செலவை ஒருமுறை கணக்குப் பார்ப்பது இப்படியான வீடுகளுக்கு இலாபமாக இருக்கலாம். வணக்கத்தலங்களுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருப்பதையும் பள்ளி நிருவாகிகள் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியின் பில் எந்தப் பிரிவில் வருகிறது என்று ஒருதடவை எடுத்துப் பாருங்கள்.

அறிதலும் நீதியும்

மதீனாவில் விலையேறியபோது விலையை நிர்ணயித்துத் தருமாறு ஸஹாபாக்கள் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதற்கு உடன்படவில்லை, எவருக்கும் அநீதி இழைத்தவராக அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்றார்கள். பதுக்கலால் செயற்கையாக விலை ஏறும்போது அதிகாரி தலையிடலாம் என்று பின்வந்த இமாம் இப்னு தைமிய்யா போன்றோர் விளக்கினர். ஆனால் சந்தைக்கு வருமுன் வணிகக் கூட்டத்தை வழியில் மறித்துச் சரக்கு வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். வருகிறவனுக்குச் சந்தை விலை தெரியாது. மறிப்பவனுக்குத் தெரியும். அந்தத் தெரியாமையில் இலாபம் எடுக்கக்கூடாது. அநியாயமாக வசூலிக்கப்படும் மக்ஸ் என்ற வரிக்கும் ஹதீஸில் கடும் எச்சரிக்கை உண்டு. வரிச்சுமை கூடக் கூட மக்கள் தொழிலில் ஊக்கம் இழந்து, கடைசியில் அரசின் வருமானமே குறையும் என்று இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது வரி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. பாடசாலையும் ஆஸ்பத்திரியும் வரியில்தான் நடக்கின்றன. எவ்வளவு, யார்மீது, எதற்காக என்பது தெரிந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். வர்த்தமானி தமிழிலும் வருகிறது. கட்டண மாற்றத்துக்கு முன் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அங்கே போய்ப் பேசுகிறவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்? ஊர் வர்த்தக சங்கம் ஒன்று, வரி மாறும் நாளில் அந்த விபரத்தையும் கையிலுள்ள பழைய இருப்பு எவ்வளவு நாளைக்கு என்பதையும் ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன? அப்படி எழுதும் வியாபாரிக்கு வாடிக்கையாளர் குறையமாட்டார்கள்.

அந்த மாணவனை மறுபடி கண்டபோது இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப சேர், தாரிப் எண்டா அறிவிக்கிறது. ஆனா எங்கட வீட்டில பில்ல ஆரும் வாசிக்கிறல்லயே, கட்டுறது மட்டுந்தான்" என்றான். அடுத்த கிழமை வகுப்புக்கு ஆளுக்கொரு பழைய மின்பட்டியல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.